ஒரு வளவுக்குள் இரண்டு வலயம்

செவ்வாய்க்கிழமை சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வரும் வழியிலேயே ஜெமீல் முடிவெடுத்துவிட்டான். இனிப் பொறுப்பதில்லை. இன்று பொழுது சாய்வதற்குள் தனி ஆட்சி அமைத்தே தீருவது.

நாடு பிடிக்கிற ஆசை அவனுக்கு இல்லை. பாவம், அவன் கேட்டதெல்லாம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. சாய்ந்தமருதில் அவன் மனைவி றுகையாவின் வீட்டில், மேற்கு மூலையில் இருக்கிற ஓர் அறை. அதில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், சுவரில் ஒரு டிவி. கல்முனையில் ஒரு தனியார் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வலையமைப்பு வேலை பார்க்கிற ஜெமீல், வாரத்தில் மூன்று நாள் அந்த அறையில் இருந்தபடியேதான் உத்தியோகம் பண்ணுகிறான்.

றுகையாவின் வீடு என்று நான் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். வாய் தவறி வந்ததில்லை. இந்தக் கரையோரத்தில் கலியாணம் முடித்தால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, வயல் அவளுடையது, அக்கம்பக்கம் முழுக்க அவளுடைய சொந்தம். நிந்தவூரில் பிறந்த ஜெமீல் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி வந்து சேர்ந்தவன். நிந்தவூர் ஒன்றும் சீமையில் இல்லை, பஸ் ஏறினால் கால் மணித்தியாலம். ஆனாலும் வந்தவன் வந்தவன்தான். இத்தனை வருடத்தில் அந்த வளவுக்குள் அவன் பெயரில் இருந்த ஒரே சொத்து இன்டர்நெட் இணைப்பு.

அந்த ஒன்றையும் மூன்று வீடு பங்குபோட்டது. நடு வீடு றுகையாவுடையது. வலப்பக்கம் மாமி றஹீமா. இடப்பக்கம் றுகையாவின் ராத்தா பஸ்மிலா, ஜெமீலுக்கு மதினி. பஸ்மிலாவின் கணவர் கத்தாரில் இருந்தார். அவரும் ஒரு கணக்கில் இந்த இன்டர்நெட்டில்தான் குடியிருந்தார், காலையும் மாலையும் வீடியோவில். மூன்று வீட்டுக்கும் நடுவே மதில் இருந்தது. மதிலில் கடப்பும் இருந்தது, அதாவது ஆள் போய்வர விட்ட இடைவெளி. கதவு கிடையாது. கதவு எதற்கு, எல்லாரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே.

திங்கட்கிழமை நடந்ததுதான் அவனை உசுப்பிவிட்டது. காலை பத்து மணிக்குக் கொழும்பு மேலாளர்களோடு ஒன்லைன் மீட்டிங். ஜெமீல் மேலே சட்டையும் கழுத்துப்பட்டியும், கீழே சாரனுமாக உட்கார்ந்தான். "பாதுகாப்பு" என்று சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய் நாலு நிமிடம் மூடவில்லை. மாமி வீட்டில் தொடர் நாடகம் உச்சக் கட்டத்தில் இருந்தது, மதினி வீட்டில் கத்தார் சிரித்துக்கொண்டிருந்தது, இணைப்பு தாங்காமல் ஜெமீலின் படம் அப்படியே உறைந்துபோயிற்று. எட்டு அதிகாரிகள் அவனுடைய உள்நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படம் அசையத் தொடங்கிய கையோடு பக்கத்தில் பிரின்டர் உறுமிற்று.

"மிஸ்டர் ஜெமீல், அது என்ன சத்தம்?"

"முக்கியமான அறிக்கை ஒண்டு சேர். இப்பதான் வருது."

சொன்னதோடு நின்றிருக்கலாம். வந்த தாளை எடுத்து, தான் பார்க்காமல் கமராவுக்குக் காட்டினான். மயில் வரைந்த ஒரு மணப்பெண்ணின் கை. பஸ்மிலா கலியாண வீடுகளுக்கு மருதோண்டி போடுகிறவள். அவளுடைய போனில் இருந்து பதினொரு கை வரிசையாக வந்து விழுந்தது.

இது வெளியில் சொல்லக்கூடிய காரணம். உள்ளுக்குள் வேறொன்று இருந்தது. வருகிற சனிக்கிழமை கரையோரக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம், பத்து ஓவர் மென்பந்து. நிந்தவூரும் சாய்ந்தமருதும். மைதானம் அக்கரைப்பற்றில், நேரடி ஒளிபரப்பு இன்டர்நெட்டில். பன்னிரண்டு வருடமாக இந்த இரண்டு ஊரும் மோதும்போதெல்லாம் ஜெமீல் றுகையாவின் ஹோலில், அவளுடைய ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். நிந்தவூர்க்காரன் ஆட்டமிழந்தால் எல்லாரும் கை தட்டுவார்கள், அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு தட்டுவான். ஒரு தடவையாவது தன் ஊருக்காக வாய்விட்டுக் கத்த வேண்டும் என்று அவனுக்கு ஆசை. சின்ன ஆசைதான், ஆனால் நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அக்கரைப்பற்றுக்கே போகலாம் என்றால், போட்டியில் சாய்ந்தமருதுக்குப் பந்து வீசுகிறவன் றுகையாவின் சாச்சி மகன், அதாவது சின்னம்மா மகன், ஷிப்லி. எந்தப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் செய்தி அவனுக்கு முன்னால் வீடு வந்து சேரும்.

ஆகவே அறைக்குள் ஒரு நிந்தவூர் வேண்டும். யாரும் எட்டிப் பார்க்க முடியாத நிந்தவூர்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஹோல் சுவரில் இருந்த ரவுட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் உழைத்தான். அதில் நாலு ஓட்டை. நாலில் இருந்தும் நாலு கம்பி. ஒன்று அவன் அறைக்கு, ஒன்று றுகையாவின் வீட்டு வைஃபைக்கு, மூன்றாவது மதிலுக்கு மேலால் மாமி வீட்டுக்கு, நாலாவது மதினி வீட்டுக்கு. வேலை முடிந்ததும் மார்பை நிமிர்த்திக்கொண்டு குசினிக்குள் வந்தான். றுகையா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"றுகையா, இண்டையில இருந்து இந்த வளவு நாலு துண்டு."

"உம்மா கையெழுத்து வெச்சாவா?"

"காணி இல்ல புள்ள, நெட்வேர்க். நாலு சப்நெட் அடிச்சிரிக்கன். எண்ட அறை ஒண்டு, உண்ட வீடு ஒண்டு, மாமிட ஒண்டு, மதினிட ஒண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் வேற வேற இலக்கம். இனி ஒரு துண்டுல இரிக்கிற ஆள் மத்த துண்டுக்குள்ள கால் வெக்க ஏலா."

"மாஷா அல்லாஹ்," என்றாள் றுகையா, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அறைக்குள் பிரின்டர் உறுமிற்று.

ஜெமீல் ஓடினான். இன்னொரு கை. இந்தத் தடவை விரல் நுனி வரைக்கும் கொடி. அந்தப் பிரின்டரின் இலக்கத்தை மதினியின் போனில் பதிந்து கொடுத்தவனே அவன்தான். அறையின் இலக்கத்தை மாற்றாமல் மற்ற மூன்றையும் மாற்றியவனும் அவன்தான். கையும் தாளுமாகத் திரும்பி வந்தான்.

"கால் வெக்க ஏலா எண்டீங்களே," என்றாள் றுகையா.

"இது கால் இல்ல, கை."

"எப்புடி வந்திச்சி?"

"கேட்வே கொண்டுவந்து குடுத்திரிக்கி."

"அது ஆரு?"

ஜெமீல் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். விளங்கப்படுத்துவது என்றால் அவனுக்குக் கொள்ளை ஆசை. வீட்டில் அந்தச் சந்தர்ப்பம் அவனுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை, காரணம் றுகையா கணித ஆசிரியை.

"உண்ட மாவடிப்பள்ளி வயல எடு. வரம்பு கட்டி வரவை வரவையா பிரிச்சிரிக்கம். ஒவ்வொரு வரவையும் ஒரு சப்நெட். ஒரே வரவைக்குள்ள தண்ணி தானா பரவும். பக்கத்து வரவைக்குப் போகணுமெண்டா மடையாலதான் போகணும். அந்த மடைதான் கேட்வே."

"மடை திறந்தா இரிக்கி?"

"வாங்கக்குள்ளயே திறந்துதான் வரும். ஒரு துண்டுல இருந்து வாறத்த மத்தத் துண்டுக்குக் கடத்தி விர்றதுதான் கேட்வேட தொழிலே."

"அப்ப நீங்க ரெண்டு மணித்தியாலமா வரம்பு கட்டினீங்க, மடைய அப்புடியே விட்டுட்டீங்க."

"அப்புடிச் சொல்லாத. சப்நெட் எண்டா இலக்கத்தப் பிரிக்கிறது மட்டுந்தான். ஆர் ஆரிட்டப் போகலாம், ஆர் போக ஏலா எண்டு சொல்றது அது இல்ல."

"அதச் சொல்றது எது?"

"வலயம். சப்நெட்டுகள வலயத்துக்குள்ள போடணும். கேட்வே வலயத்தப் பாத்துத்தான் விடும். வலயத்த எப்புடிச் சொல்லலாம்..."

"வலயத்த நீங்க எனக்குப் படிப்பிக்காதீங்க மச்சான்," என்றாள் றுகையா. "பதினாலு வருசமா வலயக் கல்விக் கந்தோருக்கு நடந்து செருப்புத் தேஞ்ச ஆள் நான். ஒரு வலயத்துக்குள்ள எத்தின பள்ளிக்கூடமும் இரிக்கும். உள்ளுக்குள்ள இடமாத்தம் எண்டா லேசு, ஆரும் ஏன் எண்டு கேக்க மாட்டாங்க. வலயம் தாண்டணுமெண்டாத்தான் கடிதம், கையெழுத்து, கரைச்சல் எல்லாம்."

"அதேதான்," என்றான் ஜெமீல் மகிழ்ச்சியோடு.

"அப்ப நீங்க செஞ்சது என்ன? நாலு பள்ளிக்கூடத்துக்கு நாலு பேர் வெச்சிட்டு, நாலையும் ஒரே வலயத்துல விட்டிரிக்கீங்க. பொறகு ஏன் புள்ளைகள் வாறாங்க எண்டு கேக்கிறீங்க."

ஜெமீல் முக்காலியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்துபோனான். கம்பெனியில் பதினேழு பேருக்குப் பயிற்சி கொடுத்தவன் அவன். மீன் கழுவுகிற தண்ணீரோடு சேர்ந்து மானமும் போனது.

மறுநாள் புதன்கிழமை கதையை முடித்தான். இரண்டு வலயம். ஒன்றுக்கு "ஜெமீல்" என்று பெயர் வைத்தான், மற்றதற்கு "மற்றவர்கள்". தன் அறையின் சப்நெட் முதலாவதில், மீதி மூன்றும் இரண்டாவதில். இரண்டுக்கும் நடுவில் போக்குவரத்துத் தடை. இன்டர்நெட் எல்லாருக்கும் வரும், ஆனால் அவனுக்குப் போக மிச்சம்தான் மற்றவர்களுக்கு. மாமியின் நாடகத்துக்கும் கத்தாரின் சிரிப்புக்கும் அளந்து வைத்தான்.

அரை மணித்தியாலத்தில் பஸ்மிலா கடப்பால் வந்தாள்.

"தம்பி, பிரின்ட் வருதில்லயே."

"அது இனி வராது மதினி. கம்பெனிச் சட்டம்."

"நல்லது தம்பி. கம்பெனிக்கு சலாம் சொல்லுங்க," என்று அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனாள். ஜெமீலுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்சி என்று வந்தால் இதையெல்லாம் பார்க்க முடியுமா?

பின்னேரம் றுகையா தேத்தண்ணியோடு அறைக்குள் வந்தாள். திரையை எட்டிப் பார்த்தாள். நின்றாள்.

"மச்சான், இதுல நான் எங்க?"

"நீயா? இந்தா, இதுல."

"மற்றவர்கள்."

"அது சும்மா ஒரு பேரு புள்ள."

"பன்னெண்டு வருசம் உங்களுக்குச் சோறாக்கிப் போட்டிரிக்கன். நான் உங்களுக்கு மற்றவர்கள். சரி. அல்லாஹ் ஒருத்தன் இரிக்கான்."

தேத்தண்ணியை வைத்த சத்தத்தில் கோப்பை ஆடிற்று. அவள் கோபப்பட்டிருந்தால் ஜெமீல் சமாளித்திருப்பான். அழவும் இல்லை. முந்தானையால் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். அந்தத் துடைப்பை அவன் தாங்கமாட்டான். கொடுங்கோலன் என்று கிளம்பியவன் பெட்டிப்பாம்பாக அடங்கினான்.

"இஞ்ச பாரு, இந்தா மாத்துறன். உண்ட சப்நெட்டத் தூக்கி எண்ட வலயத்துக்குள்ள போட்டுட்டன். ஒரு வலயம், ரெண்டு சப்நெட். உனக்கும் எனக்கும் நடுவுல தடையே இல்ல. சந்தோசமா?"

"எண்ட துண்டுல ஆர் நிண்டாலும் உங்கட வலயந்தானே?"

"உண்ட துண்டு முழுக்க எண்ட வலயந்தான் புள்ள. கேட்வே ஆளப் பாக்காது, எந்தத் துண்டுல இருந்து வாறாங்க எண்டுதான் பாக்கும்."

றுகையா சிரித்துவிட்டுப் போனாள். அவள் சிரித்ததில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தேத்தண்ணியில் சீனி இல்லாததைக்கூடக் குடித்து முடித்த பிறகுதான் கவனித்தான்.

வியாழக்கிழமை பெரிய செய்தி வந்தது. மாவடிப்பள்ளியில் சிறுபோக நெல் அறுவடை, அதாவது வெட்டு, தொடங்கிவிட்டது.

"சனிக்கிழமை நம்மட வயலுக்கு ஜவுபர்ட வெட்டு மெஷின் வருது," என்றாள் றுகையா. "பகல் மூணு மணிக்கு. நீங்க போய் நிண்டாத்தான் சரி. ஆள் இல்லாட்டி மூலையெல்லாம் வெட்டாம விட்டுட்டு அடுத்த வயலுக்குப் போயிருவான்."

இறுதி ஆட்டம் இரண்டரை மணிக்கு.

"சனிக்கிழமையா? ஐயோ புள்ள, எனக்கு ரெண்டு மணியில இருந்து ஆறு மணி மட்டும் மீட்டிங் இரிக்கே. கொழும்பு ஆக்கள்."

"லீவு நாளுலயா?"

"அவசர மீட்டிங்."

"என்னத்தப் பத்தி?"

"வலயங்களப் பத்தி."

றுகையா அவனை ஒரு கணம் பார்த்தாள். கணக்குக் கொப்பியில் விடை சரியாகவும் வழி பிழையாகவும் இருந்தால் ஆசிரியை ஒருத்தி பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு "உத்தியோகம் முக்கியந்தானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இவ்வளவு லேசாக விட்டதற்கு அவன் பயந்திருக்க வேண்டும். அவனோ அல்ஹம்துலில்லாஹ் சொன்னான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, புரியாணி சாப்பிட்டு, ஜெமீல் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த நல்ல நேரம் பார்த்து அவள் வந்தாள்.

"மச்சான், எண்ட துண்டுக்கு ஒரு ஓட்டைதானே இரிக்கி. இன்னும் ரெண்டு மூணு ஓட்டை கிடைக்குமா? பள்ளிக்கூட லெப்டொப்ப கம்பியில போட்டா நல்லம் எண்டாங்க."

"அதுக்கென்ன, பழைய பெட்டி ஒண்டு கிடக்கு. அஞ்சு ஓட்டை."

தன் கையாலேயே எடுத்து, தூசு தட்டி, ரவுட்டருக்குப் பக்கத்தில் ஆணியடித்துப் பூட்டிக் கொடுத்தான். அதில் நுழைந்தது எல்லாம் றுகையாவின் சப்நெட் என்று விளக்கமும் கொடுத்தான். எந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்று நாலிலும் பெயர் எழுதி ஒட்டியும் கொடுத்தான். றுகையாவுக்கு அவனுடைய கையெழுத்து அழகு என்று பட்டது, அதையும் வாய்விட்டுச் சொன்னாள்.

"இன்னொண்டு. எண்ட போனுல உங்கட அறைப் பிரின்டரத் தேடினா காட்டுதில்ல."

"ஒரு வலயத்துக்குள்ள இரிக்கிற சாமான் எல்லாம் ஒண்டையொண்டு காணலாம் எண்டு ஒரு சரி அடிக்கணும். இந்தா அடிச்சிட்டன்."

"நீங்க இல்லாட்டி எனக்கு ஒண்டும் விளங்காது மச்சான்."

பன்னிரண்டு வருடத்தில் இந்த வசனத்தை அவன் கேட்டதேயில்லை. அன்று அவன் நல்ல நித்திரை கொண்டான்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கே அறைக் கதவைப் பூட்டினான். காதில் மாட்டுகிறதை எடுத்துக் கழுத்தில் போட்டான். கழுத்துப்பட்டிகூடக் கட்டினான், பொய்யில் ஓர் ஒழுங்கு வேண்டுமல்லவா. போனில் ஒளிபரப்பைத் திறந்து, சத்தமில்லாமல் சுவர் டிவிக்கு அனுப்பினான். சாய்ந்தமருது முதலில் ஆடி எண்பத்தேழு எடுத்தது. நிந்தவூர் ஆட வந்தது. முதல் பந்தே நாலு. ஜெமீல் தலையணையை வாயில் வைத்துக்கொண்டு கத்தினான். அந்தக் கத்தலில் பன்னிரண்டு வருடம் இருந்தது, சொன்னால் நம்புங்கள், கண்ணிலும் கொஞ்சம் தண்ணீர் வந்தது.

மூன்றரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"மச்சான், ஜவுபர் கோல் எடுத்தான். மெஷின் வந்துட்டாம்."

"மீட்டிங் புள்ள, மீட்டிங். பெரிய பெரிய ஆக்களெல்லாம் இரிக்காங்க."

"சரி சரி, கரைச்சல் தரல்ல."

காலடிச் சத்தம் போயிற்று. நிந்தவூருக்கு ஆறு ஓவரில் ஐம்பத்திரண்டு ஓட்டம் வேண்டும். ஷிப்லி பந்தோடு ஓடி வந்தான். கையைத் தூக்கினான். அப்படியே நின்றுவிட்டான்.

ஒளிபரப்புக் கோளாறு என்று நினைத்து ஜெமீல் மறுபடி ஓடவிட்டான். ஷிப்லி இரண்டடி ஓடினான். மறுபடி நின்றான். ஓடவிட்டான், நின்றான். மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து மாமியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"புள்ள றுகையா, எண்ட போனுல நம்மட ஷிப்லிட படம் வந்திரிக்கி. தொட்டா நிக்கிறான், மறுகா தொட்டா ஓடுறான். இது என்னகா?"

இடப்பக்க மதிலுக்கு அப்பால் இருந்து பஸ்மிலாவின் குரல். "எனக்கும் வந்திரிக்கி உம்மா. 'ஜெமீல் அறை டிவி' எண்டு போட்டிரிக்கி. நிந்தவூர் சாய்ந்தமருது இறுதி ஆட்டமாம்."

வர முடியாத இடத்துக்கு எப்படி வந்தார்கள்? இருவரையும் மற்றவர்கள் வலயத்தில் போட்டுத் தாழ்ப்பாளும் போட்டானே. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான். மற்றவர்கள் வலயத்தில் ஒருவரும் இல்லை, ஈ எறும்புகூட இல்லை. ஜெமீல் வலயத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள்.

பிரின்டர் உறுமிற்று. ஒரே ஒரு தாள். கை இல்லை, மயில் இல்லை. றுகையாவின் எழுத்து மாதிரியே நிதானமாக இரண்டு வரி.

"கொழும்பு ஆக்களுக்கு வெல்ல இன்னும் எத்தினை ஓட்டம் வேணுமாம்? தொப்பி வாசலில் இருக்கிறது, ஆட்டோக்காரர் பாயிஸ் வெளியில் நிற்கிறார்."

ஜெமீல் கழுத்துப்பட்டியை அவிழ்த்தான். கதவைத் திறந்தான். ஹோலில் றுகையா குடையும் தேத்தண்ணிப் போத்தலுமாக அபாயா போட்டு ரெடியாக நின்றாள். அவளுக்குப் பின்னால் ரவுட்டரில் மூன்றாவது ஓட்டையும் நாலாவது ஓட்டையும் காலியாக இருந்தன. அந்த இரண்டு கம்பியும் பக்கத்துப் பெட்டியில் குத்தியிருந்தன, அவன் ஒட்டிய பெயர்ச் சீட்டுகளோடு.

"நீ... கம்பிய மாத்திக் குத்தினியா?"

"உம்மாவும் ராத்தாவும் எண்ட துண்டுக்குள்ள வந்து நிக்கிறாங்க, அவ்வளவுதான். எண்ட துண்டு முழுக்க உங்கட வலயம் எண்டு நீங்கதானே எழுதினீங்க. கேட்வே ஆளப் பாக்காது எண்டும் சொன்னீங்க. பாக்கல்லதான்."

ஆட்டோவில் அவன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். காரைதீவுச் சந்தியால் திரும்பும்போது பாயிஸ்தான் கேட்டார், "என்ன ஜெமீல் தம்பி, நிந்தவூர் என்ன மாதிரி?" என்று. தெரிந்தால்தானே சொல்வதற்கு. அவனுடைய போனில் டேட்டா இல்லை. வீட்டில் ராஜாவாக இருக்கிறவன் வெளியில் போனுக்கு டேட்டா போட்டு வைப்பானா?

மாவடிப்பள்ளி வட்டையில், அந்த வயல்வெளி முழுக்க, வெயில் தீயாக எரிந்தது. மெஷின் ஒரு பக்கத்தால் வெட்டிக்கொண்டு வந்தது, தூசு மேகமாக எழும்பிற்று. ஜெமீல் வரம்பில் நின்று மூலைகளைக் காட்டினான். அவள் சொன்னது பொய்யில்லை, ஜவுபர் இரண்டு மூலையை விட்டுவிட்டுப் போகத்தான் பார்த்தான். கொஞ்சம் தள்ளி வாகை மரத்தடியில் றுகையா குடையை விரித்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய போனில் இருந்து சனக்கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. ஜெமீல் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி, பார்க்காதவன் போல, மரத்தடிக்கு வந்து சேர்ந்தான்.

"என்ன மாதிரி?"

"கடைசி ஓவர். ஒம்பது வேணும். ஷிப்லி போடுறான்."

"கொஞ்சம் காட்டு புள்ள."

"வெயிலுக்கு விளங்காது. உங்கட போனுல பாருங்களன்."

"டேட்டா இல்ல. உண்ட ஹொட்ஸ்பொட்டக் கொஞ்சம் போட்டு விடன்."

றுகையா சிந்தித்தாள். "போடலாம். ஆனா இப்ப கேட்வே நான். என்னாலதான் நீங்க வெளிய போகணும். எண்ட வலயத்துக்கு ஒரே ஒரு சட்டந்தான்."

"என்ன சட்டம்?"

"சாய்ந்தமருதுக்குத்தான் கை தட்டணும். என்ன நடந்தாலும்."

மெஷின் திரும்பிற்று. தூசு வந்து மூடிற்று. ஜெமீல் வானத்தைப் பார்த்தான், வயலைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"சரி," என்றான். "பாஸ்வேர்ட்டச் சொல்லு."

இணைப்பு வந்தபோது கடைசிப் பந்து, ஐந்து ஓட்டம் வேண்டும். ஷிப்லி ஓடி வந்தான். யாரும் அவனை நிறுத்தவில்லை. நிந்தவூர்ப் பொடியன் சுழற்றிய சுழற்றில் பந்து மைதானத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, யாருடையவோ கூரையில் போய் விழுந்தது.

றுகையா குடைக்குள் இருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக நிந்தவூர் கிண்ணம் வென்ற அந்த நேரத்தில், மாவடிப்பள்ளி வட்டையில் நின்ற ஒரே நிந்தவூர்க்காரன் சாய்ந்தமருதுக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தான்.